மேசைக்கு ரெட் டேக்

மேகலா தக்காளி வாங்க வந்தால் பேரிகைச் சந்தையில் பாதிப் பேர் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில் வருவாள்; இறங்க மாட்டாள். கூடையைத் தன் மடிக்கே வரவழைத்து, ஒவ்வொரு பழத்தையும் காம்பு, அடி, இடுப்பு என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவளைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏம்மா, தக்காளி வாங்க வந்தியா, மாப்பிள்ள பாக்க வந்தியா?" என்று ஒரு நாள் ஒரு வியாபாரி நொந்துபோய்க் கேட்டார்.

"மாப்பிள்ளய இதவிட நல்லா பாத்துதாங்க எடுத்தேன்" என்றாள் மேகலா.

அதில் பொய் இல்லை. மூன்று வயதில் வந்த போலியோ இரண்டு காலையும் சூம்ப வைத்துவிட்டது. வலது காலில் இரும்புக் காலிப்பர், இரண்டு கக்கத்திலும் கட்டை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் வெங்கடப்பன். அவர் வீட்டார் வழக்கம்போல், "பொண்ணு கொஞ்சம் நடந்து காட்டட்டும்" என்றார்கள். மேகலா நடந்தாள். நடந்து முடித்து உட்கார்ந்து, "என்னப் பாத்துட்டீங்க. மாப்பிள்ளயும் கொஞ்சம் நடந்து காட்டட்டும்" என்றாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வெங்கடப்பன் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து, வாசலிலிருந்து பலா மரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நடை சரியாக இருந்தது. கல்யாணம் முடிந்து, இப்போது அவர்கள் மகள் கிருஷ்ணகிரியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட வேலைதானே கிடைக்கும்? சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கம்பெனியில் மேகலா ஃபைனல் செக்கிங். வண்டிகளுக்கு ஒயரிங் செட் செய்யும் கம்பெனி. நூறு ஒயர்களை ஜடை மாதிரிப் பின்னி அனுப்பினால், அதில் ஒரு பின் கோணலாக இருப்பதை அவள் விரல் கண்டுபிடித்துவிடும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். சின்னக் குறை இருந்து சரிசெய்ய முடியுமென்றால் மஞ்சள். அது ரீவொர்க்குக்குப் போகும். எந்த ஸ்டிக்கராக இருந்தாலும் பார்த்தவரின் நம்பர் அதில் இருக்க வேண்டும். மேகலாவின் நம்பர் பதினேழு.

ஸ்டிக்கர் தவிர ரெட் டேக் என்று ஒன்று உண்டு. கயிறு கோத்த சிவப்பு அட்டை. ஒரு மிஷினிலோ கருவியிலோ குறை கண்டால் யார் வேண்டுமானாலும் அதைக் கட்டலாம். கட்டியவர் அவிழ்க்கிற வரைக்கும் எம்.டி.யே வந்தாலும் அந்தப் பொருளைத் தொடக்கூடாது. மேகலா ஒரு முறை கேண்டீன் காப்பி மிஷினுக்கே அதைக் கட்டியிருக்கிறாள். காப்பி நன்றாகிவிட்டது, கேண்டீன்காரர் மட்டும் இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

இவ்வளவு வாயும் திமிரும் உள்ளவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அது அவள் அக்கா சரோஜம்மாளால் வந்தது.

அக்காவுக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளே அவள்தான். மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரம் பட்டபோது, "இத எப்படிப் போயி ஒருத்தர்கிட்ட காட்டறது" என்று கூச்சப்பட்டு ஒன்றரை வருஷம் மூடி வைத்தாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அக்கா போகும்போது வயது நாற்பத்தாறு. இந்த வருஷம் மேகலாவுக்கும் நாற்பத்தாறு ஆனது. இந்த ஒரு வருஷத்துக்குள் தன்னைப் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு இடத்துக்குப் போயும் பார்த்தாள். ஓரிடத்தில் மாடிப்படி. இன்னோரிடத்தில் மேசை ஏற முடியாத உயரம். நடக்கக் கால் இருந்த அக்கா போகவில்லை. போக மனசிருந்த தங்கைக்கு ஏற முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பெனி நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம், இரண்டு நாள், கீழ்த்தளப் பயிற்சி அறையில். படியே கிடையாது! மேகலா நோட்டீஸை இரண்டு தரம் படித்தாள்.

முதல் நாள் காலை வரிசை கேண்டீன் வரைக்கும் நீண்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நர்ஸ் பூங்கொடி. மதுரைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். மேகலா கட்டையூன்றி வந்து நின்றதும் பூங்கொடி எட்டித் திரைக்குள் இருந்த மேசையைப் பார்த்தாள். மேகலாவின் நெஞ்சளவு உயரம். பக்கத்தில் போட்டிருந்த முக்காலி ஒரு பக்கம் ஆடியது. பூங்கொடி பேரும் வயதும் மட்டும் கேட்டாள். மீதியை அவளே மளமளவென்று எழுதி, அட்டையை நீட்டி, "போயிட்டு வாங்கக்கா, ஒண்ணும் இல்ல" என்றாள். அதைக் கேட்டு மேகலாவும் ஏதோ கேள்வி கேட்டே கண்டுபிடிக்கிற புது முறை போலிருக்கிறது என்று நினைத்து, வேலைக்குத் திரும்பிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அட்டையைப் பிரித்தாள். எதிரில் அவள் தோழி நஞ்சம்மா. மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாக்கப்பட்டவள். ஒரு கால் குட்டை, ஒரு கட்டை. வாயில் பாதி கன்னடம், பாதி தமிழ்.

"நனகூ கொட்டாங்க, எனக்கும் குடுத்தாங்க" என்று நஞ்சம்மா தன் அட்டையை ஆட்டிக் காட்டினாள். "ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. பாஸு!"

மேகலா தன் அட்டையைப் படித்தாள். திருமணம்: இல்லை. குழந்தைகள்: இல்லை. பரிசோதனை முடிவு: இயல்பு. அதன் மேல் பச்சை வட்டத்தில் ஒரு முத்திரை. பிரிக்காத பெட்டி மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இதை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால், இன்னும் ஐந்து வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அக்காவாவது தெரியாமல் இருந்தாள். இவளைச் சரியாக இருக்கிறாய் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். கட்டைச் சத்தம் கேட்டே வரிசை விலகி வழிவிட்டது.

"சிஸ்டர், எனக்குக் கல்யாணம் ஆகலன்னு யாரு சொன்னது?"

பூங்கொடி அட்டையைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். "ஆயிருச்சாக்கா?"

"எம் பொண்ணு காலேஜ் படிக்குது. அத வுடுங்க. இயல்புன்னு போட்டிருக்கீங்களே, எதப் பாத்துப் போட்டீங்க?"

பூங்கொடியின் முகம் சுண்டிப்போனது. நல்ல பெண்தான், பொய்யை நீட்டிக்கொண்டு போகத் தெரியவில்லை. "ஒங்களப் போயி அம்புட்டு ஒசரத்துல ஏத்தி, கால மடக்குங்கன்னு சொல்லிச் சிரமப்படுத்தணுமான்னு தோணுச்சுக்கா. பாவமா இருந்துச்சு. அதேன்…"

"நான் ஒரு நாளைக்கி முந்நூறு பீஸ் பாக்கறேன் சிஸ்டர். பாவம்னு ஒரு பீஸுக்கு ஓகே போட்டன்னு வெச்சுக்குங்க, எங்கியோ நடுரோட்ல ஒரு வண்டி நின்னுபோவும். வண்டி நின்னா தள்ளலாம். எங்கக்கா நின்னுபோச்சே, யாரு தள்றது?"

மேகலாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. சேலைக்கு மேல் போட்டிருக்கும் கம்பெனி நீலச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ரெட் டேக் இருக்கும். ஒன்றை எடுத்து எழுதினாள். பொருள்: மேசை. குறை: உயரம். பார்க்காமல் ஓகே ஆன பீஸ்: ஆறு. கம்பெனியில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்கள் ஆறு பேருக்கும் காலையில் இதே அட்டைதான் கிடைத்திருந்தது. நம்பர் பதினேழு என்று கையெழுத்துப் போட்டு, திரைக்குள் போய் மேசைக் காலில் இறுக்கிக் கட்டினாள்.

முகாம் நின்றது.

ரெட் டேக் கட்டியதைத் தொடக்கூடாது என்பது இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அடுத்து ஏற வேண்டியவள் முக்காலியில் வைத்த காலையும் எடுத்துவிட்டாள். வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் போக வேண்டியவர்கள் திட்டினார்கள். மனிதவளத் துறை மேனேஜர் சௌந்தரராஜன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேகலா, இது மிஷின் இல்லம்மா. வெளியாளுங்க கொண்டாந்த டேபிள்."

"கம்பெனிக்குள்ள வந்துடுச்சில்ல சார்? திங்கக்கெழம மீட்டிங்ல நீங்கதான சொன்னீங்க, உள்ள வந்த எதுக்கும் கட்டலாம்னு?"

சொன்னது அவர்தான். வாரா வாரம் சொல்கிறவரும் அவர்தான். டேக்கைக் குனிந்து படித்தார். 'ஆறு' என்ற இடத்தை விரலால் தொட்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு போனை எடுத்து மெயின்டனன்ஸ் திம்மப்பனைக் கூப்பிட்டார்.

திம்மப்பன் தளிப் பக்கத்துக்காரர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் முதலில் யோசிப்பார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "காலு நாலையும் ஒரு அடி கட் பண்ணிடலாமாங்க?" என்றார்.

"வேணாங்கண்ணா. காலு போனா என்னா கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்றாள் மேகலா. கோபத்தில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பூங்கொடி மெதுவாக வாயைத் திறந்தாள். "கொறைச்சா நீங்க ஏறிருவீக. ஆனா நான் குனிஞ்சு பாக்க முடியாதுக்கா. வெளிச்சமும் விழுகாது. ஏறும்போது தாழ்வா இருக்கணும், பாக்கும்போது ஒசரமா இருக்கணும்."

திம்மப்பன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "ஸ்டோர்ல நிக்குதே, பெட்டி தூக்கற லிஃப்ட் டேபிளு! முட்டி அளவு எறங்கும், கால்ல மிதிச்சா இடுப்பு ஒசரம் ஏறும். முந்நூறு கிலோ தாங்கும்."

"நான் அம்பத்தெட்டுதான்" என்றாள் மேகலா.

வரிசையில் நிற்பவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள அவளுக்கு ஆசையில்லை. 'மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மாற்று ஏற்பாடு' என்று சௌந்தரராஜன் டேக்கின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, மற்றவர்களை அதே மேசையில் பார்க்க, கட்டியவள் என்ற முறையில் அனுமதி கொடுத்தாள். டேக்கை மட்டும் அவிழ்க்கவில்லை. அது ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் லிஃப்ட் டேபிள் புதுப் பெண்ணாக நின்றது. மேலே பிளைவுட், அதன் மேல் ஸ்பாஞ்ச், ரெக்ஸின் உறை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் பைப்பில் கைப்பிடி. திம்மப்பன் தானே அதில் மல்லாந்து படுத்து, உதவியாளை மிதிக்கச் சொல்லி, நான்கு தரம் மேலும் கீழும் போய்வந்து சோதித்தார். "இந்த வயசுல ரங்கராட்டினமா?" என்று பெண்கள் அவரை ஓட்டித் தள்ளிவிட்டார்கள்.

ஆறு பேருக்கும் மேகலாவே வரிசை போட்டாள். பூங்கொடியும் நேற்றைய பூங்கொடியாக இல்லை. ஒவ்வொருத்தியிடமும், "ஒங்களுக்கு எப்பிடிப் படுத்தா தோதா இருக்கும்?" என்று கேட்டாள். முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். கால் மடங்காதவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தும் பார்க்கலாமாம். ஒருத்திக்கு இருபது நிமிஷம் ஆனது. ஆனால் ஆகட்டும் என்று அட்டையில் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நஞ்சம்மா ஐந்தாவதாகப் போய், உண்மையான பாஸோடு வெளியே வந்தாள்.

ஆறாவது பேர் மேகலா. பார்த்தால், அவள் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு லைன்ல வேல இருக்கு. அப்புறமா வர்றேன்."

நஞ்சம்மா தன் கட்டையை நீட்டிக் கதவை மறித்தாள். "எல்லி ஹோக்தீயா? எங்க போற?"

மேகலா சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "பயமா இருக்குடி. எங்கக்காவும் டாக்டருங்க பாக்கற வரைக்கும் நல்லாதான் இருந்துச்சி. பாத்தாங்க, இருக்குன்னாங்க, ஆறு மாசத்துல போயிடுச்சி. பாக்காத வரைக்கும் ஒண்ணுமில்லன்னாவது இருக்கும்ல?"

"பாக்காம ஓகே போட்டதுக்கு நேத்து டேபிளயே கட்டிப்போட்ட. இன்னிக்கி உனக்கு நீயே பாக்காம ஓகே போட்டுக்கறியா? ஊருக்குத்தான் உபதேசமா?"

மேகலாவுக்குக் கோபம் வந்தது. சரியான பேச்சைக் கேட்டால் வருகிற கோபம்.

"ஹத்து மேகலா, ஹத்து" என்று நஞ்சம்மா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "ஏறு."

ஏறினாள். ஏறுவதற்கென்று ஒன்றுமே இல்லை. கட்டிலில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட்டாள். நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் தூக்காமல் அவள் உயரமான ஒன்றில் போய்ச் சேர்ந்தது அன்றுதான். மேசை மேலே எழும்ப எழும்ப மின்விசிறி கிட்டத்தில் வந்தது. பூங்கொடி மருந்து தடவிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அந்த ஒரு நிமிஷம் மேகலாவுக்கு ஒரு ஷிஃப்ட் நீளம் இருந்தது.

பூங்கொடி விளக்கைத் திருப்பித் திரும்பவும் பார்த்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட இனிமே பொய் சொல்ல மாட்டேன். மருந்து பட்டு ஒரு எடம் வெள்ளையாயிருக்கு; நல்ல எடம்னா வெளுக்காது. இது புத்துநோய் மாதிரி இல்ல. ஆனா விட்டுட்டா என்னைக்காச்சும் ஆனாலும் ஆயிரும். டாக்டரம்மாவக் கூப்புடுறேன்."

அடுத்த அறையிலிருந்த டாக்டர் மணிமேகலை வந்து பார்த்தார். அவரும் அதையே சொன்னார். சூடு வைத்து அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், கருவி கையிலேயே இருக்கிறது, சில நிமிஷ வேலை, இப்போதே செய்துவிடலாம் என்றார்.

மேகலா தலையைத் தூக்கிக் கேட்டாள். "ரெட்டுங்களா, மஞ்சளுங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. இரண்டு நாளில் கம்பெனிப் பாஷை கற்றுக்கொண்ட பூங்கொடிக்குப் புரிந்தது. "மஞ்சள்தேன்க்கா. ரீவொர்க். முடிச்சு அனுப்பிருவோம்."

அடிவயிற்றில் பிசைந்தது போன்ற வலி கொஞ்ச நேரம் இருந்தது. அவ்வளவுதான். மேசை இறங்கிய பிறகுதான் மேகலா அழுதாள். வலிக்காக இல்லை. இத்தனை சின்ன வேலை, இத்தனை கொஞ்ச நேரம், இது அக்காவுக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று அழுதாள். பூங்கொடியும் சேர்ந்து அழுதாள். நஞ்சம்மா இருவரையும் திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

அழுது முடித்ததும் மேகலா பழைய மேசையிடம் போய் டேக்கை அவிழ்த்தாள். குறை நீங்கியது என்று எழுதி, பதினேழு போட்டு, பூங்கொடியிடம் நீட்டினாள். "பாத்தவங்களும் கையெழுத்துப் போடணும்."

அதன் பிறகு திம்மப்பன் அளவு எழுதிக்கொடுத்து, முகாம்காரர்கள் அதே மாதிரி ஒன்று செய்துகொண்டார்கள். இப்போது அது அவர்கள் வேனிலேயே போகிறது. கல்லாவியில் முகாம் நடந்த அன்று எட்டுப் பேர் அதில் ஏறினார்கள் என்று பூங்கொடி போன் செய்து சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்து வேன் மறுபடியும் கம்பெனிக்கு வந்தது. இந்த முறை மேகலா முதல் ஆள். பூங்கொடி பார்த்தாள், டாக்டரும் பார்த்தார், வெள்ளை எங்கேயும் இல்லை. மேகலா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். திருமணம்: ஆம். குழந்தைகள்: ஒன்று. பரிசோதனை முடிவு: இயல்பு. அடியில் கையெழுத்து, தேதி. பச்சை முத்திரையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இது ஓகே" என்றாள். பூங்கொடிக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் இருந்த அக்கா படத்துக்கு எதிரே போய் நின்றாள். சமையல்கட்டில் வெங்கடப்பன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அட்டையைப் படத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"பாத்துக்கோ. நல்லா பாத்துட்டுதான் போட்டாங்க." அட்டையை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். "எனக்கு நாப்பத்தேழு ஆயிடுச்சி. உனக்கு இன்னும் நாப்பத்தாறுதான். இனிமே நான்தான் உனக்கு அக்கா, தெரிஞ்சுக்கோ."